பேச்சி பிடித்த கொசுக்கள்

மற்றப் பிள்ளைகள் வண்ணத்துப்பூச்சியும் பொன்வண்டும் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனபோது, என் தங்கை பேச்சியம்மா கொசு கொண்டுபோனாள். 1984ஆம் ஆண்டின் கடைசியில், விஞ்ஞானம் படிப்பித்த விமலேஸ்வரி ரீச்சர் அவள் வகுப்புக்குப் பூச்சி சேர்க்கும் வேலை கொடுத்திருந்தார். பிடித்த பூச்சியை மருந்துப் பஞ்சு போட்ட போத்தலில் கொன்று, ஊசி குத்திப் பலகையில் வைத்து, பிடித்த இடத்தைப் பக்கத்திலும், கண்டறிந்த முடிவைக் கீழேயும் எழுத வேண்டும். மாசி மாதம் கண்காட்சி.

கொசுவுக்கு ஊசி குத்தினால் உடைந்துவிடும். பேச்சி பழைய கலண்டர் மட்டையைச் சின்ன முக்கோணங்களாக வெட்டினாள். நுனியில் வேப்பம்பிசின் தொட்டு, கொசுவை விலாப்பக்கமாக ஒட்டி, மட்டைக்கு ஊசி குத்தினாள். பிடிப்பதற்குப் பப்பாசி இலைத் தண்டு. ஒரு முனையில் துணி கட்டி வாயில் வைத்து, மறு முனையைக் கொசுவுக்கு நேரே பிடித்து உறிஞ்சுவாள். கொசு தண்டுக்குள் வந்துவிடும். துணி இருப்பதால் வாய்க்குள் போகாது.

வகுப்பில் ஒருத்தி கேட்டாளாம்: "கொசுவோ? உங்கட தோட்டத்தில நுளம்புக்கு அப்பிடியோ சொல்லுறது?"

"ஆமா. எந்தப் பேர சொன்னாலும் கடிச்சா காய்ச்சல் ஒண்ணுதான்" என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு அந்தக் காய்ச்சலைத் தெரியும். நாங்கள் 1977 கலவரத்தில் மலைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு ஓடி, தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். மலையில் மலேரியா இல்லை. எங்கள் உடம்பு அதைக் கண்டதில்லை. வந்த இரண்டாம் வருஷமே அப்பாவை அது கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு அம்மா வடிவம்மாவும் நானும் கூலிக்குப் போய்ப் பேச்சியைப் படிக்க வைத்தோம். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

பேச்சி பூச்சி சேர்த்த அந்த மார்கழியில் எனக்கு ஆறாம் மாதம். முதல் பிள்ளை. பேச்சி எங்கள் மண்சுவரில் இருக்கும் கொசுக்களை எனக்குக் காட்டித் தந்தாள். சாதாரணக் கொசு சுவரோடு படிந்து இருக்கும். மலேரியாக் கொசு தலையைத் தாழ்த்தி, வாலைத் தூக்கி, சுவரில் குத்திய முள்ளைப் போல இருக்கும். எங்கள் வீட்டில் முள் அதிகம்.

"அக்கா, நீ சொவரு ஓரமா படுக்காத" என்றாள்.

மார்கழி நடுவில் மலேரியா மருந்து அடிப்பவர்கள் முதுகில் மருந்துத் தாங்கியோடு வந்து, வீட்டுச் சுவர், ஆட்டுக்கொட்டில் சுவர் எல்லாம் அடித்துவிட்டுப் போனார்கள். சுவர் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்தது. அந்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது. எனக்கு வாயில் வைத்தது எல்லாம் வெளியே வந்தது.

பேச்சி ஒரு விளக்குச் சிமினியின் மேல் வாயைத் துணியால் கட்டி, உள்ளே உயிரோடு கொசுக்களை விட்டு, அகன்ற வாயைச் சுவரோடு அமர்த்திப் பிடிப்பாள். ஒரு பானை சோறு வேகும் நேரம் கை எடுக்கமாட்டாள். பிறகு கொசுக்களை மருந்தில்லாத வெறும் போத்தலுக்கு மாற்றி, காலையில் பார்ப்பாள். எங்கள் சுவரில் வைத்தவை எல்லாம் செத்துக் கிடந்தன. பக்கத்து வீட்டில் பொங்கலுக்காக முன்கூட்டியே சாணியும் களிமண்ணும் குழைத்து மெழுகியிருந்தார்கள். அந்தச் சுவரில் வைத்தவை காலையிலும் பறந்தன.

அவள் நேரே அம்மாவிடம் போனாள்.

"அம்மா, இந்த வருஷம் மெழுக வேணாம்."

"பொங்கலுக்கு வீடு மெழுகாமயா? என்னாடி பேசுற?"

"மெழுகுன சொவருல கொசு சாகலம்மா. வச்சிப் பாத்தேன். மருந்து மண்ணுக்கு அடியில போயிருச்சி."

"ஒன் கொசுவுக்காக சாமிய இந்த நாத்தத்துல உக்கார வைக்கவா?"

"கொசுவுக்கு இல்லம்மா, அக்காவுக்கு."

நான் அப்போதுதான் வாந்தி எடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா என்னைக் கையால் காட்டினார். "நானும் அக்காவுக்குத்தான் மெழுகுறேன். ஒரு வாய் சோறு எறங்குதா இவளுக்கு? ரெண்டு உசுரு பட்டினி கெடக்கு."

பேச்சி மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு சாணி எடுக்கப் போய்விட்டார். அடுத்த நாள் சுவர் எல்லாம் புது மண். நாற்றம் போய்விட்டது. பொங்கலன்று நான் வயிறாரச் சாப்பிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தை கடைசியில் குளிர்காய்ச்சல் வந்தது. பல் கிட்டும்படி நடுக்கம், பிறகு நெருப்பு. பஸ் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் ராசு ஒரு ட்ரக்டரைப் பிடித்து, பெட்டியில் வைக்கோல் போட்டு, என்னைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பேச்சி என் தலையை மடியில் வைத்திருந்தாள். வழியிலேயே இடுப்பு வலி தொடங்கிவிட்டது. விரலில் குத்தி இரத்தம் பார்த்தார்கள், மருந்து ஏற்றினார்கள். நான் பிழைத்தேன். பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. ராசு துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா அடுப்படியை விட்டு வெளியே வருவது குறைந்துவிட்டது. சுவர் மெழுகியதைப் பற்றிய பேச்சை அவரும் எடுக்கவில்லை, பேச்சியும் எடுக்கவில்லை. 'நான் அப்பவே சொன்னேன்' என்ற வார்த்தை என் தங்கையின் வாயிலிருந்து ஒருநாளும் வரவில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் பலகையைக் கொடுக்க நானும் கூடப் போனேன். விமலேஸ்வரி ரீச்சர் ஒவ்வொரு கொசுவாகக் குனிந்து பார்த்தார்.

"நல்ல வடிவா ஒட்டியிருக்கிறீர். கால் ஒண்டும் உடையேல்லை. ஆனா முடிவு எண்டு போட்டுக் கீழ வெறுமையா விட்டிருக்கிறீர்?"

"எழுதல ரீச்சர்."

"மருந்தடிச்ச சுவரை மெழுகக் கூடாதெண்டு எனக்குச் சொன்னனீர் எல்லே? அதுதானே இதில பெரிய விசயம். அது இல்லாட்டி நடுவர்மார் புள்ளி போடமாட்டினம்."

"நாளைக்கு எங்க அம்மா பாக்க வருவாங்க ரீச்சர். அவங்க எழுத்துக் கூட்டி வாசிப்பாங்க."

ரீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். பலகையை வாங்கி மேசையில் வைத்தார்.

பரிசு வண்ணத்துப்பூச்சிப் பலகைக்குப் போனது. அம்மா வந்து பேச்சியின் பலகைக்கு முன்னால் நின்று, "ஆட்-டுக்-கொட்-டில்" என்று விரல் வைத்து வாசித்தார். "எல்லாம் நம்ம வீட்டுக் கொசுவா?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றாள் பேச்சி.

பலகையில் எழுதாததை அவள் வீடு வீடாகப் போய் வாயால் சொன்னாள்: மெழுகுவதானால் மருந்தடிக்க முன்னமே மெழுகுங்கள். பக்கத்து வீட்டுக் கமலாசனி அக்கா, "நுளம்பு டொக்டர் வாறா, கதவைச் சாத்துங்கோ, உறிஞ்சிப்போடுவா!" என்று சிரித்தார். சிரித்தாலும் கேட்டார்.

அடுத்த வருஷம் நான் மறுபடி முழுகாமல் இருந்தேன். கார்த்திகையிலேயே பேச்சி தன் கையால் வீட்டை மெழுகி முடித்து, மருந்தடிப்பவர்களுக்காகக் காத்திருந்தாள். அந்த வருஷம் சண்டையால் பாதைகள் சரியில்லை. அவர்கள் வரவில்லை. புதிதாக மெழுகிய சுவரில் முட்கள் நிறைந்தன.

கர்ப்பிணிகளுக்குக் கிழமைக்கு ஒருமுறை காய்ச்சல் தடுக்கும் குளிசை கொடுப்பார்கள் என்று எங்கோ கேட்டு வந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் மருந்தகத்துக்கு நடந்து போய் வாங்கி வருவாள். கசப்பு தாங்காமல் நான் துப்பிவிடுவேன் என்று, விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்வாள்.

"நாக்கத் தூக்கு. அடியிலயும் காட்டு."

"நீ எனக்கு அக்காவா, நான் ஒனக்கு அக்காவா?"

"காட்டு."

அந்தக் குளிசை கர்ப்பிணிகளுக்கு மட்டும்தான். மார்கழியில், மேலே படிப்பதற்கான சாதாரண தரப் பரீட்சை நடந்தபோது பேச்சிக்குக் காய்ச்சல். விஞ்ஞானப் பாடத்தன்று மேசை ஆடுகிற நடுக்கம் என்று கூட இருந்து எழுதிய பிள்ளைகள் சொன்னார்கள். பாதி எழுதி, தலையைக் கவிழ்த்துப் படுத்துவிட்டாளாம்.

வைகாசியில் எனக்குப் பெண் பிள்ளை பிறந்தது. எடை குறைவு, ஆனால் வீறிட்டு அழுதது. பரீட்சை முடிவு வந்த அன்று பேச்சி பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

"என்னா ஆச்சு?" என்று அம்மா கேட்டார்.

"விஞ்ஞானம் பெயிலும்மா."

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "திரும்ப எழுதலாம்" என்று நான் சொன்னேன். பேச்சி பிள்ளையின் கையை விரித்து, கால்களை விரித்து, கடி பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் திரும்ப எழுதவில்லை. அடுத்த போகத்தில் என்னோடு நாற்று நட வந்தாள்.