தையல் இல்லாத தொப்பி

1989 டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் ஆலைகளுக்கு விடுமுறை என்பதால் கோவில்பட்டியில் எங்கள் தெரு தாமதமாகத்தான் விழித்தது. நான் வழக்கம்போல் ஆறு மணிக்கு எழுந்து தெருக்குழாயில் இரண்டு குடம் பிடித்தேன். வாசல் தெளித்தேன். முந்தைய நாள் மழையில் செருப்புகளில் அப்பியிருந்த கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டி, ஜோடி ஜோடியாக வரிசையில் வைத்தேன். அண்ணனுடைய செருப்பையும் நான்தான் சுரண்ட வேண்டும். அது வீட்டுச் சட்டம். பத்து மணிக்குச் சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வரப்போகிறாள். அதற்குள் நான் பின்னிக்கொண்டிருந்த தொப்பியின் உச்சியை மூடியாக வேண்டும்.

அந்தக் குழந்தையின் தலையில் ஏறும் முதல் தொப்பி என்னுடையதாகத்தான் இருக்கும் என்று எங்கள் ஏழாம் வகுப்பு முழுவதற்கும் சொல்லி வைத்திருந்தேன். வெயில் மண்டையைப் பிளக்கும் ஊராக இருந்தாலும் பிறந்த குழந்தைக்குக் கம்பளித் தொப்பி போட்டே தீருவார்கள். ஆகவே என் திட்டத்தை யாரும் குறைசொல்ல முடியாது என்று நினைத்தேன். அண்ணன் சொன்னான்.

"இந்த ஊர்ல ஆட்டுக்கே முடி வெட்டி விடுதாவ. நீ பிள்ளைக்கு முடி பின்னுதியாக்கும்."

போன லீவில் பின்னல் ஊசியைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. ராணுவத்தில், பனி பெய்யும் ஏதோ ஓர் ஊரில் இருந்தார்; குழந்தை பிறந்தும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு குட்டை ஊசிகள். அவற்றை இணைத்து இரண்டு முழ நீளத்துக்கு மெல்லிய பிளாஸ்டிக் வடம். அந்த ஊர்ப் பெண்கள் பஸ்ஸில் போகும்போதுகூடப் பின்னுவார்களாம். சித்தியும் பின்னுவாள் என்று நம்பி வாங்கியிருக்கிறார். கூடவே ஒரு படத்தாள். அதிலிருந்த எழுத்து இந்தி. எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. சித்தி கொஞ்ச நாள் முயன்றுவிட்டு, "எனக்கு வரல, நீ வேணா பாரு" என்று என்னிடம் தள்ளிவிட்டாள். வட்ட ஊசியில் பின்னினால் ஓரங்களைச் சேர்த்துத் தைக்க வேண்டியதில்லை, தையல் இல்லாவிட்டால் குழந்தையின் தலையில் உறுத்தாது என்று படத்தைப் பார்த்து நானாக முடிவுக்கு வந்தேன்.

முதல் முயற்சி, பள்ளியில் மிஞ்சிய ரோஸ் உல்லன் நூலில். அளவு பார்க்காமல் வடம் நிறைய நூல் வளையங்களை, அதாவது கண்ணிகளை, ஏற்றி, முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் சேர்த்து, சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போனேன். நாலு விரல் உயரம் வந்ததும் விரித்துப் பார்த்தால் அது குழாயாக இல்லை. முறுக்கிக்கொண்டு எட்டுப் போட்டுக் கிடந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் நேராகவில்லை. அண்ணன் அதைக் காதில் மாட்டிக்கொண்டு, "ஏட்டி, இது தொப்பி இல்ல, தீவாளி முறுக்கு" என்றான்.

அழுது முடித்துவிட்டுப் படத்தை மறுபடி பார்த்தேன். படத்தில் கண்ணிகளின் அடி முடிச்சுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருந்தன. என்னுடையவை வடத்தைச் சுற்றிக் கொடிபோல ஏறியிருந்தன. சேர்ப்பதற்கு முன்பே அவற்றை நேர்ப்படுத்தியிருக்க வேண்டும். சேர்த்த பிறகு பிரிப்பதைத் தவிர வழி கிடையாது. பிரித்தேன்.

அடுத்த தடங்கல் வேறு மாதிரி. தேங்காய் அளவுத் தலைக்கு வேண்டிய கண்ணிகளை மட்டும் ஏற்றியபோது அவை அவ்வளவு நீள வடத்தைச் சுற்றி எட்டவில்லை. இரண்டு முனைகளையும் சேர்க்க இழுத்தால் நூல் அறுந்துவிடும் போலிருந்தது. "பெரியாளுக்குள்ள ஊசி போலிருக்கு, விட்டுரு" என்றாள் சித்தி. அந்த நேரம் பார்த்துச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கண்ணிகள் கழன்றுவிடக் கூடாதென்று பாதியை ஒரு ஊசிக்கும் பாதியை மறு ஊசிக்குமாகத் தள்ளிவைத்தேன். மிச்ச வடம் நடுவில் பெரிய காதுபோல வெளியே துருத்தி நின்றது. சோற்றைப் பிசைந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பாதிகளும் இப்போது பக்கம் பக்கமாக, முனைக்கு முனை ஒட்டி இருந்தன. பாதியைப் பின்னி, திருப்பி, வடத்தை இழுத்துவிட்டு, மறுபாதியைப் பின்னலாம்! தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஊசியை வாங்கிவந்த சித்தப்பாவுக்கே தெரியாத வித்தையைக் கண்டுபிடித்துவிட்டதாக அன்று எனக்கு எண்ணம். இன்றும் அதில் பெரிய மாற்றமில்லை.

நூல்தான் பாக்கி. அந்த ரோஸ் உல்லன் நூல் சொரசொரப்பு, பிள்ளைக்கு உறுத்தும் என்றாள் சித்தி. பஜாரில் கிடைத்த மற்ற நிறங்களும் அதே ரகம். டிரங்குப் பெட்டியில் சித்தப்பாவின் பழைய பச்சை ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. போட்டுப் போட்டு மெத்தென்று ஆகி, முழங்கையில் ஓட்டை விழுந்து, அவர் விட்டுவிட்டுப் போனது. அதைப் பிரிக்கலாமே என்று கேட்டேன். சித்தி பெட்டியை மூடினாள். மறுநாள் அவளாகவே எடுத்துவந்து, என்னைத் தொடவிடாமல் தானே பிரித்துப் பந்தாகச் சுற்றினாள். மதியம் உட்கார்ந்தவள் விளக்கு வைக்கும்வரை சுற்றினாள். நானாக இருந்தால் அரை மணியில் முடித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். குழந்தை வீட்டுக்குள் நுழையவும், நான் கடைசிக் கண்ணிகளில் நூலைக் கோத்து இழுத்து உச்சியை முடிச்சிடவும் சரியாக இருந்தது. நாகலாபுரத்திலிருந்து சித்தப்பாவின் அக்கா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டிருந்தார். துவைத்துத் துவைத்துப் பூவாகிவிட்ட பழைய வேட்டித் துணிகளை ஒரு மூட்டையாகக் கொண்டுவந்திருந்தார். எனக்கு அவர் அத்தை. அவர் எதிரில் அம்மாவே குரலைத் தாழ்த்துவாள். நான் தொப்பியோடு குழந்தையிடம் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, என்ன செய்யுத? பேர் விடுததுக்கு முன்ன பச்சப்பிள்ளைக்குப் புதுசு போடுவாகளா?"

பெயர் சூட்டும்வரை பழைய துணிதான் சுற்ற வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் நான் பின்னிக்கொண்டிருந்த அத்தனை நாளும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அம்மா கையைப் பிசைந்தாள். ஏழாம் வகுப்பு முழுவதும் என் கண்முன் வந்து நின்று சிரித்தது.

"புதுசு இல்ல அத்தை, பழசு."

"இப்பத்தான ஊசியில இருந்து எறக்குன? என்கிட்டயேவா?"

"பின்னுனதுதான் புதுசு. கம்பளி பழசு. சித்தப்பா போட்டுக் கிழிச்ச ஸ்வெட்டர். சித்தியக் கேளுங்க."

அத்தையின் பிடி தளர்ந்தது. கட்டிலில் கிடந்த சித்தியைப் பார்த்தார்.

"தம்பி ஸ்வெட்டரையா பிரிச்சிய?"

"அவிய போட்டுப் போட்டு முழங்கை தேஞ்சிருந்துச்சு, மதினி."

அத்தை தொப்பியை வாங்கி உள்புறம் வெளியே திருப்பி, விளிம்பிலிருந்து உச்சிவரை விரலை ஓட்டினார். பிறகு மறுபடியும் திருப்பி என் கையில் கொடுத்தார்.

"அப்ப இது தகப்பன் துணியாச்சுல்லா. நான் கொண்டாந்த வேட்டியவிட இதுதான் முந்தி. போடுட்டி."

போட்டேன். காதுவரை அளவெடுத்ததுபோல இறங்கியது. குழந்தை ஒரு கொட்டாவி விட்டது. பிள்ளை பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எங்கனயாவது ஒரு தையல் இருக்கா, பாருங்க" என்று அத்தைதான் அன்று முழுக்கச் சவால் விட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் அண்ணன் மெதுவாக என் பக்கத்தில் வந்து, தனக்கும் ஒன்று பின்னித் தர முடியுமா என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை காலை எழுந்ததும் முதல் வேலையாக என் தொப்பியைப் பார்க்கப் போனேன். குழந்தையின் தலை வெறுமையாக இருந்தது. சித்தி ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தொப்பி அவள் கையில், கன்னத்தோடு அணைந்து கசங்கிக் கிடந்தது. பச்சைப்பிள்ளை குளிரில் கிடக்க, பெரிய மனுஷிக்கு எதற்குத் தொப்பி என்று எனக்கு ஒரே கோபம். அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித் தொப்பியை உருவினேன். உதறிக் குழந்தைக்கு மாட்டிவிட்டுப் பல் தேய்க்கப் போனேன்.