மலட்டாற்று ஊற்று

நம்புகிறவர்கள் நம்புங்கள். இது எனக்கே நடந்தது. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

1962, சித்திரை மாதம். ஊர் வரலாறுகளைத் திரட்டும் வேலையில் இருந்தேன். திண்டிவனத்திலிருந்து கிளம்பி, விழுப்புரம் பக்கம் மலட்டாற்றங்கரையில் ஒரு சின்ன ஊருக்குப் போனேன். மணியக்காரர் கோதண்டபாணி தலைவாழை இலையில் சாப்பாடு போட்டார். காதில் சிவப்புக்கல் கடுக்கன். கோயில், வெள்ளம், பஞ்சம் என்று வாய் ஓயாமல் பேசினார். ஆற்று மணலில் கிடந்த பெரிய கருங்கல்லைப் பற்றிக் கேட்டதும் முகம் கறுத்துவிட்டது.

“அத்த எழுதாதீங்க. பேஜாரு.”

மனிதர் எதையோ மறைக்கிறார். எரிச்சலோடு கிளம்பினேன்.

மாலை ஆறு பத்து. அக்கரையில்தான் பஸ். ஆறு காய்ந்து கிடந்தது. கோடையில் அங்கே மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிதண்ணீர். ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று.

கருங்கல் பக்கத்தில் ஒரு பெண் குனிந்து, கொட்டாங்கச்சியால் மொண்டுகொண்டிருந்தாள். சரக்... சரக்...

தண்ணீர் மொள்ளும் சத்தமா அது? எட்டிப் பார்த்தேன். குடம் நிறைய மணல். ஈர மணல்.

“எங்கதைய சொன்னாருங்களா?”

தலையை நிமிர்த்தவில்லை.

“யாரும்மா நீ?”

“சவுரியம்மா. மணியக்காரு எம்பேர எடுத்தாருங்களா?”

“இல்லையே...”

“முப்பது வருசமா காத்துக்கினு இருந்தேன். அவரு வாயால சொல்லியிருந்தா உட்டிருப்பேன்.”

குடத்தை இடுப்பில் வைத்தாள். ஊரைப் பார்த்து நடந்தாள்.

மணலில் கால்தடமே இல்லை...

சரக்... சரக்...

சத்தம் இப்போது கல்லுக்கு அடியிலிருந்து வந்தது.

ஓடினேன்.

மறுநாள் விழுப்புரத்தில் சேதி கேட்டேன். மணியக்காரர் கட்டிலில் செத்துக் கிடந்தார். வாய் நிறைய ஈர மணல். ஒரு காது கிழிந்திருந்தது. அந்தக் கடுக்கனைக் காணோம்.

அவள் தம்பி சவுரிராயன்தான் பிறகு சொன்னார். முப்பது வருஷத்துக்கு முந்தைய பஞ்சத்தில் சேரி ஊற்று வற்றிப்போயிற்று. சவுரியம்மா ஊர் ஊற்றில் ஒரு குடம் மொண்டாள். கோதண்டபாணி அவளை அந்தக் குழியிலேயே தள்ளி, உயிரோடு மணல் மூடி, ஆள் வைத்து மேலே கல்லைப் புரட்டிவிட்டார். பாவி. அவர் சாவுக்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

போலீஸ் வந்து கல்லைப் புரட்டியபோது நானும் நின்றேன். முப்பது வருஷமாக அசையாத கல். கடப்பாறை போட்டு எட்டு ஆள் நெம்பினார்கள். கீழே எலும்புகள். பக்கத்தில் கொட்டாங்கச்சி.

ஒரு கை மட்டும் இறுக மூடியிருந்தது. பிரித்தார்கள்.

உள்ளே சிவப்புக்கல் கடுக்கன் இருந்தது.