லோகநாதன் சாயும் சுவர்

வீடு வாங்க வந்தவர்கள் வாசற்படி தாண்டுவதற்குள் லோகநாதன் உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்துவிடுவார். ஒரு காலை மடித்துச் சுவரில் ஊன்றி, கைகளை மார்பில் கட்டி, கண்களைப் பாதி மூடிக்கொண்டு ஆரம்பிப்பார்: "கொஞ்ச நேரம் ஒண்ணும் பாக்காதீங்க. சும்மா நில்லுங்க. வூடு உங்ககிட்ட பேசும்."

ஆரணியில் வீட்டுப் புரோக்கர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். மற்றவர்கள் காலையில் சைக்கிளை எடுத்தால் ஜல்தியாக நாலு வீடு காட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். இவர் ஒரு நாளைக்கு ஒரு வீடுதான் காட்டுவார், அதுவும் மாலை நாலு மணிக்குத்தான். அந்த வேளையில் வெயில் மஞ்சளாகி ஜன்னல் வழியே தரையில் நீளமாகப் படுத்திருக்கும். அக்கம்பக்கத்தில் தறிச் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். கேட்டுக்கொண்டு நின்றால் யாருக்கும் கண் சொக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் லோகநாதன் காலி வீட்டில் ஆட்களைக் குடிவைப்பார். "இங்க உங்க வூட்டம்மா பூ கட்டிகினு ஒக்காந்திருக்காங்க. அந்த ரூம்ல கொயந்த தூங்கிகினு கீது. கொழம்பு வாசன வருது பாருங்க" என்பார். மெய்யாகவே வரும். நான் முகர்ந்திருக்கிறேன்.

தொண்ணூற்று நாலில் என் வீட்டை அவர் மூலமாகத்தான் வாங்கினேன். அன்று அவர் சமையலறைச் சுவரில் சாய்ந்திருந்தார். ஐப்பசி மழையில் சரியாக அதே இடத்தில், ஓர் ஆள் உயரத்துக்கு ஈரம் பூத்தது. கோபம் வந்தது. கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். அதற்குப் பிறகு அவர் விற்றுக் கொடுத்த எந்த வீட்டுக்குப் போனாலும், 'அன்னிக்கு லோகநாதன் எங்க நின்னாரு?' என்று ஒரு கேள்வி கேட்டு வைப்பேன். காட்டுகிற இடத்தில் ஒரு விரிசலோ, கறையான் தின்ற நிலைக்கட்டையோ தவறாமல் இருக்கும்.

இந்த ரகசியம் தெரிந்த இன்னொருவர் அவர் மனைவி கிருஷ்ணம்மாள். வெள்ளைச் சட்டை துவைப்பவர் அவர்தானே. "ஊர்ல கீற சொவுரு பூரா இந்த மனுசன் முதுவுலதான் கீது" என்று என் மனைவியிடம் அலுத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் வாங்க வருகிறவர்கள் அந்த முதுகைப் பார்த்ததே இல்லை. எல்லாம் முடிந்ததும், "நீங்க முன்னாடி போங்க, நான் கதவ சாத்திகினு வரேன்" என்று அனுப்பிவிட்டு, அவர் கடைசியாகத்தான் வருவார்.

பொய் மட்டும் சொல்ல மாட்டார். ஈரம் இருக்குமா என்று கேட்டால், பேச்சை நைசாக அடுத்த அறைக்குக் கூட்டிப் போய்விடுவார். ஒருநாள் நேராகவே கேட்டேன், இது நியாயமா என்று. கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "விக்கறவன், கொற சொல்லாதன்றான். வாங்கறவன், எங்க பக்கம் நீதான் பேசணும்ன்றான். ரெண்டு பேருமே கமிசன் தராங்க. யார் பக்கம் நிக்கறது சார்? பேஜாரு எதுக்குன்னு சொவுரு பக்கமா நின்னுக்கறேன்" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு, ஆவணி மாதம். பட்டு நெய்கிற பழனியும் அவர் மனைவி அபிதகுசாம்பாளும் ஒரு வீடு பார்க்கப் போனார்கள். பத்திரத்தைப் படித்துச் சொல்வதற்காக என்னையும் அழைத்துப் போனார்கள். வீடு கிருஷ்ணம்மாளின் அண்ணனுடையது. அவர் தனக்கு வேண்டிய விலையைச் சொல்லி, "அதுக்கு மேல எவ்ளோ வந்தாலும் உனக்கு. மழைக்கு முன்னாடி முடிச்சுடு" என்று மைத்துனரான லோகநாதனிடம் சொல்லியிருந்தாராம். இது எனக்குப் பின்னால்தான் தெரியும். பழனிக்கும் தெரியாது. "நம்ம பக்கம் லோகநாதண்ணன் பேசுவாரு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார், பாவம்.

சுவர்களுக்குப் புதிதாகப் பச்சை நிறச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். முந்தின வாரம்தான் நல்ல மழை. லோகநாதன் கூடத்தின் மேற்குச் சுவரில் சாய்ந்திருந்தார்.

அபிதகுசாம்பாள் மற்ற அறைகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வந்து அவர் காலடியில் உட்கார்ந்து தரையை முழம் போட்டார். "அண்ணா, நீங்க நிக்கறீங்க பாருங்க, அங்கதான் தறிக்குழி. சொவுர ஒட்டி. வெளிச்சம் எடது பக்கமா வருது" என்றார். நெய்பவர் காலைத் தொங்கவிட்டுக்கொள்கிற பள்ளம்தான் தறிக்குழி. அதை வெட்டாமல் தறி போட முடியாது. "வாடக வூட்ல நாலு குழி தோண்டி, நாலையும் மூடிட்டு வந்தோம்ணா. மண்ணு போட்டு மூடி, தரைய மெழுவிக் குடுத்தாத்தான் அட்வான்ஸையே கண்ணுல காட்டுவாங்க. இது அஞ்சாவது. இத நான் மூட மாட்டேன்."

லோகநாதன் கண்களை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "அப்டியே ஒக்காந்து நெய்யறம்மா. காலு குழியில கீது. வெயில் பொடவ மேல விழுது. மாம்பழக் கலரு..."

அபிதகுசாம்பாளும் கண்களை மூடிக்கொண்டார். வெறும் தரையில் அவருடைய பாதங்கள் இரண்டும் மாறி மாறி ஏறி இறங்கின. இல்லாத தறியை மிதித்துக்கொண்டிருந்தார். எங்கோ பக்கத்து வீட்டில் ஓடிய தறிக்கும் அந்தக் கால்களுக்கும் தாளம் சரியாக இருந்தது. அந்தக் கூடத்தில் ஒரு புடவை விரலளவு வளர்ந்ததை நானும் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கண்ணைத் திறக்காமலே அவர் கேட்டார்: "ஈரம் மட்டும் வரக் கூடாதுண்ணா. ஜரிக கறுத்துடும். பட்டு மொதலாளிது, நாங்க பதில் சொல்ல முடியாது. இத்தன வருசம் சேத்தது பூரா இதுலதான் போடறோம். இன்னொரு தபா எங்களால ஆவாது. நீங்கதான் அங்கயே நின்னுகினு கீறீங்களே. காஞ்சிருக்குதா சொல்லுங்க."

லோகநாதன் கண்ணைத் திறந்தார். தரையில் இன்னும் மிதித்துக்கொண்டிருந்த பாதங்களைப் பார்த்தார். அடுத்த அறைக்குக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். கூப்பிட்டால் நானே சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தும்விட்டேன்.

அவர் மடித்த காலை இறக்கினார். சுவரைவிட்டு விலகி, எங்கள் எல்லோருக்கும் முன்னால் வாசலை நோக்கி நடந்தார். தோளிலிருந்து இடுப்புவரை சட்டை பச்சையாக நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வாசற்படியில் போய் நின்றவர், அபிதகுசாம்பாள் எழுந்து வந்து பார்க்கிறவரைக்கும் திரும்பவில்லை.