ஞானம்மாள் சீமைக்குக் கொண்டுபோன கோட்டு

ஞானம்மாள் இறந்த செய்தி எனக்குச் சீவலப்பேரியில், பள்ளி நடந்துகொண்டிருந்த வேளையில் வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து உப்பு ஏற்றி வந்த வண்டிக்காரர் வாசலில் நின்று, "டீச்சரம்மா, ஞானம்மா காலையில தவறிட்டாவ. அவுக ஐயா உங்ககிட்ட சொல்லச் சொன்னாவ" என்றார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு நான் புறப்பட்டேன். இரண்டு நாளாக ஐப்பசி மழை ஓயவில்லை. வண்டிக்காரர் முழங்கால் நீரில் தாண்டி வந்த ஓடை, நான் போய்ச் சேர்ந்தபோது இடுப்புக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. மாலைவரை கரையில் நின்றேன். மறுகரையில் நின்றவர்களும் திரும்பிப் போனார்கள். நானும் திரும்பினேன். அவள் அடக்கத்துக்கு நான் போகவில்லை.

அவளை அறிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவள் என்னைவிட இளையவள். பாளையங்கோட்டையில் என்னோடு ஒரே பள்ளியில், அடுத்த அறையில் பாடம் நடத்தியவள். இப்போது மரியாதை கருதி 'அவர்' என்று எழுதப் பார்த்தால் யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவது போல இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளியின் பின்கட்டில் காது கேளாத பிள்ளைகள் சிலரை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். சைகையில் எண்ணவும், படம் பார்த்து எழுதவும் சொல்லிக்கொடுத்துவிட்டாள். பேசச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு வழி தெரியவில்லை. மரியாள் என்ற சிறுமி எந்நேரமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஞானம்மாள் உதட்டை அசைத்தால் தானும் அசைப்பாள். சத்தம் வராது. "இவ பேச்சு வேணும்னு கேட்டு நிக்கா, யக்கா. குடுக்கத்தான் எங்கிட்ட ஒண்ணுமில்ல" என்று ஞானம்மாள் ஒருநாள் என்னிடம் சொன்னாள். ஸ்காட்லாந்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பேசவைக்கும் முறையைக் கற்றுத் தருகிறார்கள் என்றும், அங்கே அவளைச் சேர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம் என்றும் பள்ளியைப் பார்க்க வந்த ஒரு துரைசானி சொன்னபோது, அவள் அன்றைக்கே போகிறேன் என்றுவிட்டாள்.

தடையாக இருந்தது அவள் நெஞ்சு. சிறுவயதில் வந்த காய்ச்சல் அங்கே ஒரு பலவீனத்தை விட்டுப்போயிருந்தது. வைத்தியர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, போகலாம், ஆனால் நல்ல கனமான கம்பளிக் கோட்டு இல்லாமல் கப்பலில் ஏறக் கூடாது என்றார். அதற்குப் பிறகு எங்கள் பேச்செல்லாம் கோட்டைப் பற்றியே ஆயிற்று. பாளையங்கோட்டையில் குளிர் என்றால் என்னவென்று யாருக்குத் தெரியும்? மார்கழிக் காலையில் ஆற்றில் முங்கி எழுந்து நடுங்குவதுதான் நாங்கள் கண்ட குளிர்.

மூன்று கோட்டுகள் வந்து சேர்ந்தன. சீமைக்கே திரும்பிப் போன ஒரு மிஷனரி அம்மாளின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, பூச்சி உருண்டை வாசம் வீசும் பழுப்புக் கோட்டு ஒன்றை எடுத்தோம். அந்த அம்மாள் நெட்டை. ஞானம்மாள் போட்டால் அது தரையைக் கூட்டியது. இரண்டாவது, மேலப்பாளையத்துத் தையற்காரர் மீரான் சாயபு ஆட்டுக்காரர்கள் போர்த்தும் கம்பளியை வெட்டித் தைத்தது. மூன்றாவது தூத்துக்குடியில் கப்பலேறுகிறவர்கள் வாங்கும் கடையிலிருந்து அவள் தகப்பனார் கொண்டுவந்தது. கறுப்பு, பட்டு உள்துணி, பார்க்க லட்சணமானது. அவர் சபை உபதேசியாராக இருந்து ஓய்வுபெற்றவர். தாயில்லாமல் வளர்த்த ஒரே மகள் வெள்ளைக்காரர்கள் நடுவில் ஏலத்தில் எடுத்த பழங்கோட்டோடு நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

சித்திரை வெயிலில், பள்ளி முடிந்த பிறகு, அவள் மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். மூன்றிலும் வேர்த்து ஒழுகியது. மீரான் சாயபு ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தாம் அளவுக்குத்தான் தைக்க முடியும், குளிருக்குத் தைத்துப் பழக்கமில்லை என்றார். ஞானம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இந்த ஊருல எல்லாக் கோட்டும் சூடுதான். இங்கன வச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றாள்.

ஆடியில் சாரல் கட்டியதும் ரயிலேறித் தென்காசியில் இறங்கிக் குற்றாலத்துக்குப் போனோம். அவள், அவள் தகப்பனார், நான், மூன்று கோட்டுகள். அருவிக்கு எதிரே காற்றும் தூறலும் சேர்ந்து அடிக்கும் இடத்தில், குளிக்க வந்தவர்கள் ஈரத்துணியோடு நின்று வேடிக்கை பார்க்க, அவள் கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றாள். ஆட்டுக் கம்பளி தண்ணீரைக் குடித்து அவளைக் கீழே இழுத்தது. கறுப்புக் கோட்டுக்குள் காற்று நுழைந்தது. பழுப்பைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். கை விரல்கள் விறைத்திருந்தன. கழுத்துக்குள் கைவிட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. "இதுதான்" என்றாள். அவள் தகப்பனாரும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். மீரான் சாயபு அதைக் குட்டையாக்கி, கழுத்தை நெருக்கித் தைத்துக் கொடுத்தார். நாங்கள் அவளைப் பத்திரப்படுத்திவிட்டோம் என்றே நம்பினோம். தூத்துக்குடியில் அவள் கொழும்புக் கப்பலுக்குப் படகேறியபோது அந்தக் கோட்டு அவள் மடியில் குழந்தை மாதிரி இருந்தது.

படிப்பு முடியாமலேயே, இரண்டாவது குளிர்காலத்தில் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருநெல்வேலி ஸ்டேஷனில் இறங்கியவளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னத்து எலும்புகள் மட்டும் வந்திறங்கியது போல இருந்தது. இருமலை முந்தானையில் பிடித்துக்கொண்டாள். க்ஷயரோகம் என்று அங்கேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள் தகப்பனார் அவள் கையிலிருந்த பழுப்புக் கோட்டை வாங்கிப் பிரித்து, தையல் விட்டிருக்கிறதா, துணி நைந்திருக்கிறதா என்று பிளாட்பாரத்திலேயே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

பிறகொரு நாள் அவளே சொன்னாள். கோட்டு நன்றாகவே இருந்ததாம். பனியில் நடந்தபோதுகூட ஒருநாளும் குளிரவில்லையாம். ஆனால் அங்கே வாசலில் நுழைந்ததும் சுவரில் வரிசையாக முளைகள் இருக்கும், எல்லாரும் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நாம் செருப்பைக் கழற்றுகிற மாதிரி. காற்று நல்லது என்று வகுப்பின் பெரிய ஜன்னல்களைத் திறந்தே வைத்திருப்பார்கள். அவர்கள் உள்ளே கனத்த கம்பளிச் சட்டைகளை அடுக்கிப் போட்டிருந்தார்கள். அவள் பருத்தி ரவிக்கையும் சேலையுமாக உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் கோட்டோடு உட்கார்ந்தபோது, புறப்படப் போகிறாயா என்று அன்பாகத்தான் கேட்டார்களாம். அதன்பின் அவள் அப்படிச் செய்யவில்லை. கடைசியில் அவளுக்கும் ஒரு கம்பளிச் சட்டை கொடுத்தபோது நெஞ்சில் ஏற்கெனவே சளி இறங்கியிருந்தது. "வெளிக்குளிருக்குப் பாத்துப் பாத்து எடுத்தோம், யக்கா. வீட்டுக்குள்ள குளிரும்னு நமக்கு யாரும் சொல்லலியே" என்றாள். யாரையும் குறை சொல்லும் குரல் அல்ல அது. அவர்களுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே பட்டிருக்காது.

அவள் கற்றுக்கொண்டு வந்ததை நான் சொல்லவேண்டும். உதட்டைப் பார்த்து மட்டும் பேச்சை அறிய முடியாது என்பாள். "பாத்தா அப்பாவும் அம்மாவும் ஒண்ணுதான். கை வச்சாத்தான் வேற வேற." 'அப்பா' என்றால் புறங்கையில் காற்று முட்டும். 'அம்மா' என்றால் மூக்கின் ஓரம் அதிரும். பிள்ளை ஒரு கையை ஆசிரியையின் தொண்டையிலும் மூக்கிலும் வைத்து, மறு கையைத் தன் தொண்டையில் வைத்து, அந்த அதிர்வைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முகத்தோடு முகம் வைத்து, மூச்சோடு மூச்சு கலக்க நடத்தவேண்டிய பாடம். வைத்தியரோ, பிள்ளைகளை அவள் பக்கத்தில் அண்டவிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஆகவே அவள் பள்ளி முற்றத்து வேம்படியில், காற்று எங்கள் பக்கமிருந்து அவளை நோக்கி வீசும்படி, நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். முற்றத்தின் இந்தப் பக்கம் மரியாளை மடியருகே வைத்துக்கொண்டு நான். அங்கிருந்து அவள் காட்டக் காட்ட நான் செய்வேன். நாக்கை எங்கே வைப்பது, எப்போது மூச்சை விடுவது என்று அவள் சைகை காட்டுவாள். பேசினால் இருமல் வந்துவிடும். சில வாரங்களில் மரியாளின் தொண்டையில் ஏதோ ஒன்று அசையத் தொடங்கியது. ஒருநாள் என் மூக்கில் விரலை வைத்திருந்த அவள் வாயிலிருந்து 'ம்ம்மா' என்று வந்தது. தன் தொண்டை அதிர்ந்ததை உணர்ந்துவிட்டாள். உடனே எழுந்து முற்றத்தைக் கடந்து ஞானம்மாளிடம் ஓடினாள், அவள் தொண்டையைத் தொட்டுப் பார்க்க. ஞானம்மாள் நாற்காலி சாயப் பின்வாங்கி எழுந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, மறுகையால் போ போ என்று விரட்டினாள். நான் ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடித்தேன்.

மரியாள் திமிறவில்லை. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். அதன்பின் வேம்படிப் பக்கம் அவள் முகத்தைத் திருப்பவே இல்லை. நோய் என்று எப்படிச் சொல்வது? இருமிக் காட்டினேன், நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் என்னையும் பார்க்கவில்லை. ஞானம்மாள் அன்று என்னிடம் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. "எனக்கு அவ மேல வெறுப்பில்லன்னு சொல்லணும். அதுக்கு உண்டான வார்த்தை ஒண்ணுகூட நான் அவளுக்குக் கத்துக்குடுக்கல, யக்கா."

அதற்கடுத்த வாரத்திலிருந்து அவளால் வேம்படிக்கு வர முடியவில்லை. அவளில்லாமல் என்னால் அந்தப் பாடத்தை நடத்தவும் முடியவில்லை. வகுப்பை மூடினார்கள். மரியாளை அவள் தாய் ஊருக்கு அழைத்துப் போனாள். இப்போது வயலில் களை எடுக்கிறாள் என்று கேள்வி. பேசுவதில்லை. என்னைச் சீவலப்பேரிக்கு மாற்றினார்கள். கடைசியாக நான் ஞானம்மாளைப் பார்க்கப் போனபோது மரியாளைப் பற்றித்தான் கேட்டாள். நன்றாயிருக்கிறாள் என்றேன். அவள் நம்பவில்லை.

வெள்ளம் வடிந்ததும் பாளையங்கோட்டைக்குப் போனேன். படுக்கையையும் துணிமணிகளையும் எரித்துவிட வேண்டும் என்பது வைத்தியர் உத்தரவு. உபதேசியார் ஐயா கொல்லையில் தனியாக நின்று எரித்துக்கொண்டிருந்தார். பருத்தித் துணியெல்லாம் பொசுக்கென்று போய்விட்டது. கோட்டு மட்டும் எரியாமல், மயிர் கருகும் நாற்றத்தோடு புகைந்துகொண்டே கிடந்தது. அவர் குச்சியால் புரட்டிப் புரட்டிப் போட்டார். "நல்ல துணி" என்றார்.

என்னிடம் அவள் விட்டுப்போனது கொஞ்சம்தான். ப என்றால் காற்று எங்கே முட்டும், ம என்றால் எங்கே அதிரும், க என்றால் தொண்டையின் எந்த இடம் இறுகும், இப்படிச் சில எழுத்துகள். மீதி எழுத்துகளை அவள் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை. சொல்லித் தர இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து வேறு யாருமில்லை. என் பள்ளியில் இருப்பவர்கள் எல்லாரும் காது கேட்கும் பிள்ளைகள். நான் பலகையில் 'அம்மா' என்று எழுதியதும் அவர்கள் ஒன்றாகச் சத்தம் போட்டுப் படிக்கிறார்கள். என் விரல் தானாக என் மூக்கோரம் போய் நிற்கிறது. பிறகு அதை எடுத்துக்கொண்டு அடுத்த எழுத்துக்குப் போகிறேன்.