சிவப்புத்தான் அடிப்பேன்

குருநகரில் ஒவ்வொரு வீட்டு வள்ளத்துக்கும் ஒரு நிறம் உண்டு. கரையில் நிற்பவர்கள் அதைப் பார்த்துத்தான் யார் திரும்பி வருகிறார்கள் என்று சொல்வார்கள். எங்களுடையது சிவப்பு.

போரில் கடலுக்குப் போகத் தடை வந்த காலத்தில், கரையில் கிடந்த எங்கள் வள்ளம் ஷெல் குண்டு விழுந்து எரிந்துபோனது. அதே வடிவில் சிறிய வள்ளம் ஒன்றை முள்முருக்கங் கட்டையில் செதுக்கினேன். நிறம் விசிற, காற்றடித்த சைக்கிள் ரியூப்பில் பேனாக் குழாயைப் பொருத்தினேன். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற் தடிப்பாக இருந்ததால் குழாய் அடைத்துக்கொண்டது. இளக்க மண்ணெண்ணெயும் இல்லை.

"கறுப்பு மையை அடிச்சு விடு. வள்ளமே இல்லை, உனக்கு நிறம் கேக்குதோ?" என்றார் அண்ணை.

"வள்ளம் இல்லாட்டியும் நிறம் எங்கடைதான்!" என்று கத்தினேன்.

அண்ணி உள்ளே போய், தன் கலியாணத்துக்கு வாங்கிய சிவப்பு நகப்பூச்சையும் அதை அழிக்கும் திரவத்தையும் கொண்டுவந்தார். "கடலுக்குப் போகத்தானே தடை? சிவப்பு அடிக்க ஆர் தடுக்கிறது? ரெண்டையும் கலந்து ஊத்து."

அது மெல்லிய புகைபோல் விசிறியது. நான் கீறிய பலகைக் கோடுகள்கூட மறையவில்லை. காய்ந்ததும் வள்ளத்தைக் கிணற்றுக்கட்டில் வைத்தேன். அண்ணை வேலிவரை பின்னோக்கி நடந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"எங்கடை வள்ளம்தான் வருது," என்றார்.

எல்லாம் இழந்த நேரத்தில் நிறமெல்லாம் தேவையா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். அந்த நேரத்தில்தான் தேவை.