பானட் மூடாத லாரி

தேங்காய் நார்க்கயிறு சூட்டில் பொசுங்கினால் ஒரு வாசனை வரும்… அதோடு எண்ணெய்ப் புகையும் கலந்து மூக்கில் ஏறினால், நான் சொல்லப்போகும் லாரி தெருவுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

யுத்தம் முடிந்த சமயம். தி.நகரில் ஒரு பாயின் கொட்டகையில் நின்றது அது. யுத்தத்துக்கு முந்தைய வண்டி. அதன் சொந்த இன்ஜின் வெடித்துப்போய், மாற்றுச் சாமான் கிடைக்காமல், மிலிட்டரி ஏலத்தில் எடுத்த வேறொரு லாரியின் இன்ஜினைத் தூக்கி உள்ளே வைத்திருந்தார்கள். வந்த இன்ஜின் கொஞ்சம் உயரம். பானட் மூடவில்லை. கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

எனக்கு அப்போது இருபது வயது. சாந்தோமில் வீடு, மயிலாப்பூரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை. அப்பா இல்லை. என் கல்யாணத்துக்கென்று அவர் செய்து வைத்த நகையைத் தவிர வீட்டில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த மாப்பிள்ளையைச் சித்தப்பா பேசி முடித்திருந்தார். அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் சாமியார் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி.

சவரி அண்ணன் மிலிட்டரியில் லாரி ஓட்டிவிட்டு பர்மா எல்லையிலிருந்து திரும்பியிருந்தான். ஆள் வந்துவிட்டான், பேச்சு வரவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவான், பூசைக்கு வா என்றால் வருவான். அவ்வளவுதான். அம்மா அவனைப் பார்த்துப் பார்த்து முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

பாய்க்கு டிரைவர் வேண்டும் என்று கேள்விப்பட்டு அண்ணனை இழுத்துக்கொண்டு போனேன். போனால், டிரைவரெல்லாம் வேண்டாம், வண்டியையே விற்கப்போகிறேன் என்றார் பாய். நல்ல மனுஷன், எதையும் மறைக்கவில்லை.

"வண்டி வேற, இன்ஜின் வேற. இப்பவே சொல்லிட்டேன்மா. அப்பால வந்து என்னாண்ட சண்டைக்கு நிக்கக்கூடாது."

சொல்லிவிட்டு, சும்மா காட்டுவதற்காக ஹேண்டில் போட்டுச் சுற்றினார். இன்ஜின் கிளம்பியது. அண்ணன் நிமிர்ந்தான்… பக்கத்தில் போய்க் காதை வைத்துக் கேட்டான். சிரித்தான்.

"இந்த இன்ஜின் எனக்குத் தெரியும் ஸ்டெல்லா. சேத்துலேர்ந்து எங்கள இழுத்துக்கினு வந்தது இந்த ஜாதிதான்."

பர்மா எல்லையிலிருந்து வந்த பிறகு அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான். நான் அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். நகையை விற்று லாரி வாங்குவது. தி.நகரில் தெருத்தெருவாக வீடு எழும்பிக்கொண்டிருந்தது, மணலும் செங்கல்லும் அடிக்க வண்டி போதவில்லை. பிழைக்க வழி இருந்தது.

சொன்னதும் வீடு ரெண்டுபட்டது. அம்மா சோறு சாப்பிடவில்லை. அண்ணனே வேண்டாம் என்றான், உன் கழுத்து நகையில் எனக்கு வண்டியா என்றான். பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு மெக்கானிக் ஆகிவிட்டார்கள். ஒருத்தர் சேஸிஸ் தாங்காது என்றார், இன்னொருத்தர் கியர் ஒத்துப்போகாது என்றார். அவர்களில் ஸ்டியரிங்கைத் தொட்டவர் ஒருத்தர்கூட இல்லை.

பள்ளிக்கூட வாத்தியாரான சித்தப்பா பரீட்சை வைத்தார். சைதாப்பேட்டையில் ஆற்றுக்குள் இறங்கி, மணல் ஏற்றிக்கொண்டு கரை ஏற வேண்டும். நடுவில் நின்றால் லாரிப் பேச்சையே விட்டுவிட வேண்டும். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பாய் வண்டியைக் கொடுத்தார். கரையில் சித்தப்பா குடை பிடித்து நின்றார். துணி வெளுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். லாரி முக்கி முனகி பாதி மேடு ஏறியது… நின்றுவிட்டது. ரேடியேட்டரிலிருந்து ஆவி புஸ்ஸென்று வந்தது.

அண்ணன் பதறவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்தான். ஆவி அடங்கும்வரை பீடி குடித்தான். ஆற்றுத் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றி, ஹேண்டில் போட்டான். கரை ஏறிவிட்டான்.

"நின்னுபோச்சு, பாத்தியா?" என்றார் சித்தப்பா.

"திரும்பக் கிளம்பிச்சே சித்தப்பா. அத நீங்க பாக்கலையா?"

அன்றைக்கே நகையைக் கழற்றினேன். மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போய்விட்டது. நகையைக் கொடுத்து லாரி வாங்குகிற பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஓலை வாசிக்கவில்லை. சித்தப்பா ரொம்ப நாள் எங்கள் வாசல் மிதிக்கவில்லை.

அந்த லாரி நிற்காத இடமே கிடையாது. அடையாறு பாலத்தின் நடுவில் நின்று, பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர்களிடம் நாங்கள் வாங்கிய ஏச்சு கொஞ்சமா? ஆனால் அண்ணன் பேச ஆரம்பித்தான். முதலில் இன்ஜினைத் திட்டினான், அப்புறம் கொத்தனார்களோடு சண்டை போட்டான், அப்புறம் எங்களோடு பேசினான். கல்யாணம் பண்ணினான், பிள்ளை குட்டி பெற்றான். எனக்கு அது போதும்.

இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. கண் மங்கல். போனில் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. நாங்கள் செங்கல் அடித்த வீடுகளை இடித்து ஃப்ளாட் கட்டுகிறார்கள். எங்கள் செங்கல் டிப்பரில் குப்பையாகப் போவதைப் பார்த்தால் நெஞ்சு கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது… அப்போது பூசை முடிந்து சொன்னதை இப்போது கமென்ட்டில் சொல்கிறார்கள். இன்ஜின் மாற்றிய பழைய வண்டியை வாங்கலாமா என்று ஒரு பையன் கேட்டால், இருநூறு பேர் வேண்டாம் என்கிறார்கள்.

எங்கள் ஃப்ளாட்டில் புதிதாகக் குடிவந்த பெண் போன வாரம் மெதுவாகக் கேட்டாள், ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று. பாவம், என்னவோ சோகக் கதை வரப்போகிறது என்று முகத்தைத் தயார் பண்ணி வைத்திருந்தாள்.

"லாரி வாங்கினேம்மா" என்றேன்.