தோற்றவர் கடையில் கேசரி

கொல்கத்தாவின் கரியாஹாட் சந்தையைக் கடக்கும்போது வெற்றி ஊர்வலம் என்னைச் சூழ்ந்துகொள்கிறது. "ஆஷுன் தாதா!" என்று, வாங்க அண்ணா என வங்காளத்தில் அழைத்து, ஒருவன் என் முகமெல்லாம் சிவப்புப் பொடியைப் பூசுகிறான். கூச்சத்தில் வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்துவைக்கிறேன்.

அதே முகத்தோடு, நான் தங்கியிருக்கும் சுடலைமுத்துவின் இட்லிக் கடைக்குள் நுழைகிறேன். கடையில் அவரைத் தவிர ஆளில்லை. ரேடியோ மட்டும் பேசுகிறது. நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சித் தலைவர் சொந்தத் தொகுதியிலேயே தோற்றுவிட்டார். அந்தத் தலைவருக்காக இந்தத் தெருக்களில் வீடுவீடாக ஏறி இறங்கியவர் சுடலைமுத்து.

"என்ன அண்ணாச்சி, நம்ம தலைவர் தோத்ததுக்கு ஹோலி கொண்டாடிட்டு வாரியளா?"

"இல்ல, அவங்களாத்தான் பூசிட்டாங்க."

"கையைப் பிடிச்சுக்கிட்டா பூசுனாங்க?"

அவர் அண்டாவிலிருந்து கேசரியை அள்ளி இலையில் வைத்து என் முன்னால் தள்ளுகிறார்.

"ஜெயிச்சதும் தெருவுக்கே கொடுக்கலாம்னு கிண்டுனது. ஒருத்தரும் வரல. ஜெயிச்ச களை உங்க முகத்துலதான் இருக்கு. சாப்பிடுங்க."

தலை நிமிராமல் சாப்பிடுகிறேன். இனிப்பாகத்தான் இருக்கிறது. போதும் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவர் இன்னொரு கரண்டி வைக்கிறார்.